ஒரு காது போன கரடி

போன மாதம் வீடு மாறினோம். ஸ்கார்பரோவிலிருந்து மார்க்கம், காரில் இருபது நிமிடம்தான், ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த சாமானை அள்ளிக் கட்டும்போது அது இருபது நிமிடமா இரண்டு நாளா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணாடி, பீங்கான், பாட்டியின் கல்சட்டி எல்லாவற்றையும் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். கரடியை மட்டும் கல்தானே, அதற்கென்ன ஆகும் என்று யாரோ சமையலறைப் பெட்டி ஒன்றில் சும்மா போட்டுவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். பிரித்துப் பார்த்தால் இடது காதைக் காணோம்.

உள்ளங்கை அளவுக் கரடி. கரும்பச்சைக் கல். ஒரு முன்காலைத் தூக்கி, காற்றில் ஏதோ வாசம் பிடிப்பதுபோல் தலையைச் சாய்த்து நிற்கும். காது இருந்த இடம் இப்போது சுண்ணாம்பு தடவியதுபோல் வெளிறிக் கிடக்கிறது. வேறெங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று தலைகீழாகப் பிடித்துத் துடைத்தபோதுதான் அடியில் கீறியிருந்த எழுத்துகளை முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். முக்கோணம், கொக்கி, வளைவு. அது செய்தவரின் பெயர் என்று தெரியும். என்ன பெயர் என்று அவரிடம் கேட்டதில்லை. வாசிக்க முயன்றதும் இல்லை.

பேரம் பேசியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

2014 ஜனவரியில் ஒரு ஒப்பந்த வேலைக்காக, கனடாவின் வடகோடியில் இருக்கும் நுனாவுட் ஆட்சிப்பகுதியின் தலைநகரான இக்காலுவிட் போனேன். சம்பளக் கணக்கு மென்பொருளை மாற்றிக் கொடுக்கும் வேலை, மூன்று மாதம். ஒட்டாவாவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் விமானம். டொரன்டோ குளிரைப் பார்த்தவள்தானே என்று தைரியமாக இறங்கி, விமானத்துக்கும் அந்த மஞ்சள் நிற நிலையக் கட்டடத்துக்கும் நடுவில் இருந்த கொஞ்ச தூரத்தை நடப்பதற்குள் மூக்குக்குள் இருக்கும் முடி உறைவது எப்படி இருக்கும் என்று தெரிந்துபோயிற்று. நுனாவுட் ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுவிட்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி, அதில் 25 ஊர்கள், ஆனால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சாலை கிடையாது. விமானம், கோடையில் கப்பல், குளிர்காலத்தில் ஸ்கிடூ என்கிற பனி வண்டி, அவ்வளவுதான். இக்காலுவிட்டில் ஒரு சாலைக்கு 'எங்கும் போகாத சாலை' என்றே பெயர். வீடுகள் இரும்புக் கால்மேல் நிற்கும், ஏனென்றால் கீழே மண் ஆண்டு முழுக்க உறைந்து கிடக்கிறது, வீட்டுச் சூடு பட்டு அது இளகினால் வீடு சாய்ந்துவிடும். டாக்சியில் எங்கே போனாலும் ஆளுக்கு ஒரே கட்டணம், வழியில் கைகாட்டுகிறவர்களையும் ஏற்றிக்கொள்வார்கள். நம் ஊர் ஷேர் ஆட்டோவேதான், என்ன, கதவு இருக்கும்.

அங்கே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் செதுக்குகிறவர்கள் மேசைக்கே வருவார்கள். சிற்பம், காதணி, சில நேரம் சீல் தோல் கையுறை. 'வேண்டாம்' என்றால் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போவார்கள், நச்சரிப்பதில்லை. அன்று வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தோள்பையிலிருந்து ஒரு துவாலையை எடுத்து விரித்து மூன்று கல் உருவங்களை வைத்தார். ஒரு சீல். இந்தக் கரடி. மூன்றாவது, ஒரு ஸ்கிடூ. அதன் முன்மூடி திறந்திருக்க, கனத்த பார்க்கா போட்ட ஒரு மனிதன் உள்ளே குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறான், அதுகூடக் கல்லில் தெரிந்தது.

நான் ஸ்கிடூவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். பாரம்பரியமாக ஏதாவது வேண்டும் என்றேன். இந்த வாக்கியத்தை இன்றைக்குத் தட்டும்போதும் கூசுகிறது. அவர் கோபப்படவில்லை. ஸ்கிடூவைக் காட்டி, "இது நான். போன மார்ச்சில் கடல் பனிமேல் இரண்டு நாள்" என்றார். நான் சிரித்துவிட்டு, கரடி எவ்வளவு என்று கேட்டேன். 160 டாலர் சொன்னார். 100 என்றேன். கொஞ்ச நேரம் கரடியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை, சரி என்றார். மேசையில் என் முன்னால் இருந்த சாப்பாட்டின் விலை அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

பாண்டி பஜாரில் பேசாத பேரமா என்று அன்றிரவு அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அந்த ஊரில் பால், முட்டை, தக்காளி என்ன விலைக்கு விற்கிறது என்று தினமும் கடையில் புலம்பிக்கொண்டிருந்தவளும் நான்தான், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது தோன்றவில்லை.

கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு முதல் பிடிப்பு ஏற்பட்டது. இக்காலுவிட் அருங்காட்சியகத்தில் ஒரு குல்லிக் பார்த்தேன். பிறை வடிவத்தில் குடைந்த கல் விளக்கு. சீல் கொழுப்பை உருக்கி ஊற்றி, பாசியும் ஆர்க்டிக் பஞ்சும் திரித்து விளிம்பில் வரிசையாக வைத்துக் கொளுத்துவார்கள். பனி வீட்டுக்குள் வெளிச்சம், வெப்பம், சமையல், ஈர உடை காய்வது எல்லாம் அந்த ஒரு விளக்கில், அதைக் கவனித்துக்கொள்வது பெண்களின் பொறுப்பு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கல்லைப் பார்த்ததும் இது நம் மாக்கல் ஆயிற்றே என்று தோன்றியது. சேலத்திலிருந்து வந்த பாட்டியின் கல்சட்டியும் அதே மாக்கல்தான், மெல்லச் சூடேறி, இறக்கி வைத்த பிறகும் வற்றல் குழம்பைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கும். இனுவிட்களும் இந்தக் கல்லில்தான் சமையல் சட்டி குடைந்தார்கள். மனிதனுக்குச் சூட்டைப் பிடித்துவைக்கும் கல் எது என்பது எங்கே போனாலும் தெரிந்திருக்கிறது. ஆனால் சிற்பங்கள் எல்லாமே மாக்கல் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். இக்காலுவிட் இருக்கும் பாஃபின் தீவின் தெற்குக் கரையிலிருந்து வருகிறவற்றில் பெரும்பாலானவை அதைவிடக் கடினமான செர்பன்டைன் என்ற கல். கோடையில் படகில் போய், கரையோரத்தில் வெட்டி, ஏற்றி, அலைக்கு நடுவே கொண்டுவர வேண்டும். செதுக்குவதற்கு முன்பே பாதி உழைப்பு போய்விடும். அப்புறம் கிரைண்டர், தூசி. தெருவில் நடந்தால் வீட்டு வாசலில் பனிக்கு நடுவே ஒருவர் முகமெல்லாம் வெள்ளையாக நின்று செதுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம், உள்ளே வைத்துச் செய்தால் வீடு முழுக்கத் தூசி.

'பாரம்பரியம்' என்று நான் கேட்டேனே, அந்தச் சொல்லின் கதை வேடிக்கையானது. ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற இளம் ஓவியர் 1948-ல் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரைக்குப் போனார், அங்கே மக்கள் கொடுத்த சின்னச் சின்னக் கல் உருவங்களைத் தெற்கே கொண்டுவந்து காட்டினார். 1949-ல் மான்ட்ரியலில் விற்பனைக்கு வைத்தார்கள், மூன்றே நாளில் தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு அரசாங்கத்துக்கும் ஆர்வம் வந்தது. நரித்தோல் விலை விழுந்து வேட்டைக்காரர்கள் கடனில் இருந்த காலம், அவர்களுக்கு ஒரு வருமானம் வேண்டும். 1951-ல் ஒரு கையேடே அச்சிட்டு வடக்கே அனுப்பினார்கள், என்னென்ன செய்தால் தெற்கத்திக்காரர்கள் வாங்குவார்கள் என்று படம் போட்டுக் காட்டி. படங்களை வரைந்தவரும் ஹூஸ்டன்தான். சிலர் படத்தில் இருந்ததை அப்படியே செதுக்கி அனுப்ப, இது என்ன வம்பாகப் போயிற்றே என்று பிறகு அந்தக் கையேட்டையே கைவிட்டார்கள். ஆக, என்னைப்போல 'இதுதான் வேண்டும்' என்று கேட்கிறவர்கள் ஆரம்பத்திலேயே வந்துவிட்டோம்.

அதற்காகக் கரடியை நாம்தான் அவர்கள் தலையில் கட்டினோம் என்று சொல்லிவிடவும் முடியாது. இனுவிட்களின் முன்னோர் கிழக்கு ஆர்க்டிக்குக்கு வருவதற்கு முன்பே அங்கே இன்னொரு மக்கள் இருந்தார்கள், இனுவிட் கதைகள் அவர்களை டூனிட் என்று சொல்கின்றன, தொல்லியலாளர்கள் டார்செட் பண்பாடு என்கிறார்கள். தந்தத்தில் விரல் அளவுக்குக் கரடி செதுக்கியிருக்கிறார்கள், நீந்துவதுபோலவும் பறப்பதுபோலவும். அந்த டார்செட் என்ற பெயர் கேப் டார்செட் ஊரிலிருந்து வந்தது, அங்கே கிடைத்த பொருள்களை வைத்து டயமண்ட் ஜென்னஸ் 1925-ல் வைத்தார். அந்த ஊர்தான் பிறகு கல்லுக்கும் அச்சுக்கும் உலகப் புகழ் பெற்றது. 2020-லிருந்து அதிகாரபூர்வமாகவே அதன் சொந்தப் பெயர் வந்துவிட்டது: கிங்ஙைட், அதாவது மலைகள். (பள்ளியில் 'ங' வரிசைக்கு ஒரு சொல்கூடக் கிடைக்காமல் திண்டாடுவோமே, அந்த எழுத்துக்கு இனுவிட்களின் மொழியான இனுக்டிடூட்டில் நாள் முழுக்க வேலை இருக்கிறது. ஒரு பொருளின் பெயரோடு 'ங்ஙுவாக்' என்று சேர்த்தால் அதன் சாயலில் செய்தது, பொம்மை, மாதிரி என்று பொருள். சிற்பத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லிலும் இந்த ஒட்டு இருக்கிறது.)

கிங்ஙைட்டின் அச்சுப்பட்டறை எப்படி ஆரம்பித்தது என்று ஹூஸ்டன் சொன்ன கதை பலருக்குத் தெரிந்திருக்கலாம். 1957 குளிர்காலம். ஓசுயிடோக் இப்பீலி, அந்த ஊரின் பெரிய சிற்பி, மெல்லிய காலில் முழுக் கரிபூ மானையே நிற்கவைக்கிறவர், இரண்டு சிகரெட் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இரண்டிலும் அச்சு அசலாக ஒரே மாலுமியின் தலை. ஒவ்வொரு பெட்டியிலும் இதையே திரும்பத் திரும்ப வரைகிற ஆளுக்கு எவ்வளவு அலுப்பாக இருக்கும் என்கிறார். ஹூஸ்டனுக்கு அச்சு என்றால் என்னவென்று வாயால் விளக்க வரவில்லை. ஓசுயிடோக் செதுக்கியிருந்த வால்ரஸ் தந்தத்தில் மையைத் தடவி, கழிவறைக் காகிதத்தை மேலே வைத்து அழுத்தி எடுத்துக் காட்டுகிறார். இதை நம்மாலும் செய்ய முடியும் என்கிறார் ஓசுயிடோக். சொல்கிறவர் ஹூஸ்டன், நல்ல கதைசொல்லி, கொஞ்சம் மெருகேற்றியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு இதில் பிடித்தது அந்தப் பரிதாபம். ஒரு கலைஞனுக்கு இன்னொரு கலைஞன்மேல் வரும் பரிதாபம், அதுவும் இல்லாத ஒரு ஆளின்மேல்.

அப்புறம் ஹூஸ்டன் ஜப்பானுக்குப் போய் உனிச்சி ஹிரட்சுகாவிடம் சில மாதம் மர அச்சு கற்றுக்கொண்டு வந்தார். கிங்ஙைட்டில் மரம் கிடையாது, அந்த அட்சரேகையில் முளைப்பதே முழங்காலுக்குக் கீழேதான். மரத்துக்குப் பதில் கல். கலைஞர் தாளில் வரைந்து பட்டறைக்கு விற்றுவிடுவார். அச்சுக்காரர் அதைத் தட்டையாக்கிய கல்லில் படியெடுத்து, மை படக் கூடாத இடத்தையெல்லாம் செதுக்கித் தள்ளுவார். மையை உருட்டி, மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே போர்த்தி, கையால் தேய்த்தே எடுக்க வேண்டும், அச்சு இயந்திரம் கிடையாது. 50 படிகள் எடுத்தபின் கல்லில் இருக்கும் உருவத்தை அழித்துவிடுவார்கள். முதல் தொகுப்பு 1959-ல் வந்தது, கூட்டுறவுச் சங்கமும் அதே ஆண்டு. அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு. படத்தின் ஓரத்தில் இக்ளூ வடிவச் சிவப்பு முத்திரை ஒன்றும், வரைந்தவர், கல் வெட்டியவர் பெயர்களும் இருக்கும். வெட்டியவரின் பெயரையும் போடுகிறார்களே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கிங்ஙைட் கலைஞர் கெனோஜுவாக் அஷெவாக்கின் ஆந்தையைக் கனடாவில் இருக்கிற எல்லோரும் எங்காவது பார்த்திருப்பார்கள், யாருடையது என்று தெரியாமலே. விசிறிபோல் இறகுகள் நாலாபக்கமும் பறக்க, முட்டைக்கண்ணால் நம்மையே பார்க்கும். 1960-ல் வந்த கல் அச்சு. 1970-ல் 6 சென்ட் தபால்தலையில் ஏறியது. 2017-ல் வந்த சிறப்பு 10 டாலர் நோட்டில் பளபளக்கும் பகுதியிலும் அவருடைய வேறொரு ஆந்தை இருக்கிறது, இருந்தால் எடுத்துப் பாருங்கள். நான் அச்சுப்படம் ஒன்றை நகலாகவாவது வாங்கி மாட்டலாம் என்றபோது அம்மா அலறினாள். வீட்டில் யாராவது ஆந்தையை மாட்டுவார்களா! இன்றுவரை மாட்டவில்லை.

கெனோஜுவாக் 1927-ல் பாஃபின் தீவின் தென்கரையில் ஒரு வேட்டை முகாமில், பனி வீட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா கொல்லப்பட்டார். 1952-ல் காசநோய் என்று க்யூபெக் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், மூன்று வருடத்துக்குமேல் அங்கே கிடந்தார். அவர் இல்லாதபோது ஊரில் குழந்தைகள் இறந்துபோயின. இது அவருக்கு மட்டும் நடந்ததில்லை. கோடையில் ஒரு கப்பல் ஊர் ஊராக வரும், எக்ஸ்ரே எடுப்பார்கள், நோய் இருந்தால் அப்படியே கப்பலில் இருத்திக்கொண்டு போய்விடுவார்கள், இறங்கி விடைபெறக்கூட விடாமல். 1956-ல் இனுவிட்களில் ஏழு பேருக்கு ஒருவர் தெற்கே மருத்துவமனையில் இருந்தார் என்று கணக்கு. பலர் திரும்பவே இல்லை, எங்கே புதைத்தார்கள் என்று வீட்டுக்குத் தகவலும் இல்லை. இதற்குக் கனடாப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2019-ல்.

அந்த மருத்துவமனையில்தான் கெனோஜுவாக் பொம்மை செய்யவும் மணி கோக்கவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியபின் அவர் சீல் தோல் பையில் வெட்டித் தைத்திருந்த ஒரு முயல் உருவம்தான் அவருடைய முதல் அச்சுப்படமாக ஆயிற்று. ஆக, தையல்தான் தொடக்கம். தோலை வெட்டி வெட்டிப் பழகிய கைக்கு வெளிக்கோடு எங்கே போகும் என்று தாளில் வரைவதற்கு முன்பே தெரிந்திருக்கும், அந்த ஆந்தையின் இறகுகளைப் பார்த்தால் அது புரியும். 2013-ல் இறந்தார். 2018-ல் அந்த ஆந்தையின் ஒரு படி டொரன்டோ ஏலத்தில் 2,16,000 டாலருக்குப் போனது. அப்படி மறுவிற்பனையாகும்போது கலைஞருக்கோ குடும்பத்துக்கோ ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும் என்ற சட்டம் அப்போது கனடாவில் இல்லை. 100 டாலர் பேரக்காரி நான் இதைப்பற்றி நியாயம் பேசக் கூடாதுதான்.

சரி, ஸ்கிடூவுக்கு வருகிறேன்.

இக்காலுவிட்டிலிருந்து திரும்பி ஓரிரு வருடம் கழித்து ஆன்னி பூட்டூகூக்கின் படங்களைப் பார்த்தேன். இவரும் கிங்ஙைட்காரர், 1969-ல் பிறந்தவர். பாட்டி பிட்சியோலாக் அஷூனா, கணவர் இறந்தபின் பிள்ளைகளை வளர்ப்பதற்காக வரையத் தொடங்கி ஆயிரக்கணக்கில் வரைந்தவர், பழைய முகாம் வாழ்க்கையை நினைவிலிருந்து. அம்மா நபாச்சியும் ஓவியர். ஆன்னி கலர் பென்சிலில் வரைந்தது வீட்டுக்குள்ளே இருந்ததை. தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகள். கூட்டுறவுக் கடையின் உறைபெட்டி. தரையில் அட்டையை விரித்து அதன்மேல் சீல் இறைச்சியை வைத்து, பிறைக் கத்தியான ஊலுவால் அறுத்துச் சாப்பிடும் குடும்பம், பின்னால் சுவரில் கடிகாரம், சாவிக்கொத்து. மனைவியை அடிக்கும் ஒருவன். மெத்தையின் மடிப்பு முதல் மின்சுவிட்ச் வரை எதையும் விடமாட்டார். பின்னணியில் பனிமலை கிடையாது, ஆந்தை கிடையாது. 2006-ல் கனடாவின் பெரிய சமகாலக் கலைப் பரிசான சோபி விருது கிடைத்தது, அதைப் பெற்ற முதல் இனுவிட் கலைஞர் அவர்தான். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் டாக்குமென்டா கலைக் கண்காட்சியில் படங்கள் வைக்கப்பட்டன.

தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் படத்துக்கு முன்னால் நான் நீண்ட நேரம் நின்றேன். அரிவாள்மணையும் பித்தளைத் தட்டும் இருந்த எங்கள் வீட்டை யாராவது வரைந்திருந்தால், மூலையில் சாலிடேர் டிவியையும் வரைந்தாக வேண்டும் இல்லையா? டிவியை எடுத்துவிட்டுக் கோலத்தை மட்டும் வரை என்று ஒருவர் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

ஸ்கிடூ அங்கே பொழுதுபோக்கு வண்டி இல்லை. அதற்கு முன்னால் நாய்கள் இருந்தன. 1950-களிலும் 60-களிலும் மக்களை முகாம்களிலிருந்து ஊர்களுக்குக் கொண்டுவந்தபோது, கட்டாமல் திரிகிறது, நோய் பரப்பும் என்று சொல்லி போலீசும் அதிகாரிகளும் வண்டி நாய்களைச் சுட்டார்கள். நாய் போனால் வேட்டை போயிற்று, வேட்டை போனால் ஊரை விட்டு வெளியே போகவே வழியில்லை. பாஃபின் பகுதியான கிக்கிக்டானியின் உண்மை ஆணையம் இதையெல்லாம் மக்களிடம் கேட்டுப் பதிவுசெய்து 2010-ல் அறிக்கை வெளியிட்டது, 2019-ல் அரசு மன்னிப்புக் கேட்டது. அந்த இடத்துக்குத்தான் ஸ்கிடூ வந்தது. பெட்ரோல் வேண்டும், உதிரிபாகம் வேண்டும், இரண்டுக்கும் காசு வேண்டும். காசு எங்கிருந்து? 1983-ல் ஐரோப்பா சீல் குட்டித் தோலுக்குத் தடை போட்டது. இனுவிட் வேட்டையாடுவது அந்த வெள்ளைக் குட்டிகளை அல்ல என்றாலும் சந்தை மொத்தமாகப் படுத்துவிட்டது. மிஞ்சியவற்றில் ஒன்று கல். ஆக, கரடியைச் செதுக்கி விற்றால்தான் ஸ்கிடூவுக்குப் பெட்ரோல், ஸ்கிடூ ஓடினால்தான் வீட்டில் இறைச்சி. அந்த ஓட்டல் மேசையில் துவாலைமேல் இந்தக் கணக்கு முழுவதும் இருந்திருக்கிறது. பழுதான எஞ்சினுக்குமேல் குனிந்து, கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்ற மனிதன், அது அவர் சொன்னதுபோலவே அவர்தான். நாய் கிழடானாலும் வழி தெரிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விடும், எஞ்சின் உறைந்தால் உறைந்ததுதான் என்று அலுவலகத்தில் ஒருவர் ஒருமுறை சொன்னார், அப்போது அதையும் சும்மா கேட்டுக்கொண்டேன்.

ஆன்னி 2016-ல் ஒட்டாவாவில் ரீடோ ஆற்றில் இறந்து கிடந்தார், வயது 47. கடைசி வருடங்களில் தெருவிலும் காப்பகங்களிலும் இருந்து, படங்களைக் கைக்கு வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். அவர் இறந்த செய்தியின் கீழே இனவெறியோடு கருத்துப் போட்ட காவல்துறை அதிகாரி ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது ஒட்டாவாவில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அவருடைய உறவினர் ஷுவினை அஷூனா இன்னும் கிங்ஙைட்டில் வரைகிறார், கடல் பிராணிகளும் பூமி உருண்டைகளும் மனிதர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் பெரிய பெரிய படங்கள், 2022 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் சிறப்புக் குறிப்பு பெற்றார். என்னைக் கேட்டால் அவருடையதுதான் எல்லாவற்றிலும் உச்சம். அதைப்பற்றி இன்னொரு நாள்.

பெயருக்கு வருகிறேன். கரடியின் அடியில் இருந்த எழுத்தைப் பட்டியல் வைத்து வாசிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. கஷ்டமே இல்லை, நம்மவர்களுக்கு இது சுலபம். அ, இ, உ என்று மூன்றே உயிர்கள். ஒரு மெய்க்கு ஒரு வடிவம், அதைத் திருப்பி வைத்தால் உயிர் மாறும். முக்கோணம் மேலே பார்த்தால் இ, வலப்பக்கம் பார்த்தால் உ. தனி மெய் வந்தால் அந்த எழுத்தையே பொடியாக மேலே தூக்கி எழுதுவார்கள், நம் புள்ளி செய்யும் வேலையை அங்கே எழுத்தின் அளவு செய்கிறது. 1840-ல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் க்ரீ என்ற இன்னொரு பூர்வகுடி மொழிக்காகச் செய்த எழுத்து இது, பிறகு இனுக்டிடூட்டுக்கு வந்து சேர்ந்தது. சுருக்கெழுத்தோடு தேவநாகரியும் அவருக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதைப் படித்ததும் எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை.

பழைய சிற்பங்கள் சிலவற்றில் அடியில் பெயருக்குப் பதில் எண் இருக்கும். 1941-லிருந்து அரசாங்கம் இனுவிட் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டு கொடுத்தது, நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, கழுத்தில் கட்டிக்கொள்ளத் துளையோடு. கிழக்கென்றால் ஆங்கில 'ஈ', மேற்கென்றால் 'டபிள்யூ', பிறகு எண். காரணம், அவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அதிகாரிகளுக்கு இருந்த பெயரை எழுத வரவில்லை. 1968-லிருந்து 71 வரை ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர் வைத்து எண்ணை ஒழித்தார்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் படிவத்தில் என்ன பாடுபடுவார்கள் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். இந்த நாட்டில் வங்கியிலும் மருத்துவரிடத்திலும் என்னைக் கூப்பிடுவது என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான், அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் தினமும் யாராவது ஒருவர் "மிஸ் ராமசாமி" என்று அவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஆனால் எனக்கு யாரும் எண் போட்ட வட்டைக் கட்டிவிடவில்லை, அந்த வித்தியாசம் சின்னதில்லை.

கரடிக்காரரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அவரைக் கேட்கவில்லை. இரண்டு அசைப் பெயரும் ஒரு குடும்பப் பெயரும். இக்காலுவிட்டில் அப்போது என்னோடு வேலைபார்த்த தோழிக்கு மின்னஞ்சலில் அந்தப் பெயரையும் கரடியின் படத்தையும் அனுப்பி, இவரைத் தெரியுமா, இப்போதும் செதுக்குகிறாரா, ஸ்கிடூ ஏதாவது செய்வாரா என்று கேட்டேன். மறுநாளே பதில். தெரியுமே, போன வாரம்கூடப் பார்த்தேன், மூட்டுவலியால் இப்போது பெரிய வேலை செய்வதில்லை. ஸ்கிடூவா? கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் எல்லோரும் கரடிதான் கேட்கிறார்கள் என்று அதையேதான் செய்கிறார். விலை அவர் சொல்வதுதான், பேரம் பேசினால் நான் நடுவில் வரமாட்டேன்.

பேசமாட்டேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.

உங்களில் யாராவது டொரன்டோ பக்கம் இருந்தால் கிளைன்பர்க்கில் இருக்கும் மெக்மைக்கேல் கலைக்கூடத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கிங்ஙைட் கூட்டுறவு தன்னிடம் சேர்ந்த ஓவியங்களை, தொண்ணூறாயிரத்துக்கும் மேல், அங்கேதான் பாதுகாக்கக் கொடுத்துவைத்திருக்கிறது. அச்சுக்குத் தேர்வாகாமல் போனவைதான் அதில் பெரும்பாலும். அதாவது, தெற்கே விற்காது என்று நினைத்து ஒதுக்கியவையும் அங்கே இருக்கின்றன. இணையத்திலும் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம், சிற்பம் வாங்குவதாக இருந்தால் இனுவிட் ஒருவர் கையால் செய்தது என்று காட்டும் இக்ளூ முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், 1958-லிருந்து இருக்கிறது, 2017-லிருந்து அதை இனுவிட் கலை அறக்கட்டளையே நிர்வகிக்கிறது. சுற்றுலாக் கடைகளில் வரிசையாக ஒரே முகத்தோடு நிற்பவை பெரும்பாலும் அச்சில் வார்த்த பிசின் கரடிகள். என் கரடிக்கு அந்தச் சீட்டு கிடையாது, கையிலிருந்து கைக்கு வந்தது, அடியில் பெயர் இருக்கிறது.

காதுத் துண்டு இன்னும் அகப்படவில்லை. மசாலா டப்பாக்கள் போட்ட பெட்டி ஒன்றை இன்னும் பிரிக்கவில்லை, அதில் இருக்கலாம்.